அரம் போட்ட பிளக்

2 மார்ச் 2025, ஞாயிறு

காலையில் 11 கிக். வண்டி சித்தப்பாவிடமிருந்து வந்த 1993 யமஹா ஆர்எக்ஸ் 100 பைக். பிடிவாதம் அவருடையதேதான்.

என்ஜினுக்குள் பொறி போடும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். நுனியெல்லாம் கருப்பு, எண்ணெய்ப் பிசுபிசுப்பு. நடு எலக்ட்ரோடின் விளிம்பு மழுங்கி, குண்டூசித் தலை மாதிரி உருண்டிருந்தது. இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்தால், அதற்கும் மேலே வளைந்து நிற்கும் கொக்கிக்கும் நடுவே கேப் 0.9 மி.மீ. இருக்க வேண்டியது 0.6 முதல் 0.7 வரை. தட்டிச் சரிசெய்து, பித்தளை பிரஷ் போட்டு மாட்டினேன். இந்தப் பிளக் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதென்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

சாயங்காலம் பரமத்தி ரோட்டில் ஒரு சோதனை. மூன்றாவது கியரில் 30லிருந்து 60 வரை முறுக்கி, போனில் மீட்டரைப் படம் பிடித்து நொடி எண்ணினேன். மூன்று தடவையின் சராசரி 6.1.

4 மார்ச், செவ்வாய்

பிளக்கின் கொக்கியை அரத்தால் ராவி, அது நடு எலக்ட்ரோடைப் பாதி மட்டும் மூடும்படி விடுவதுதான் திட்டம். பந்தய வண்டிக்காரர்களின் பழைய வேலை. பொறி ஓரத்திலிருந்து ஓரத்துக்குத் தாவும். கூரான முனைக்கு மின்சாரம் சுலபமாகப் பாயும், அதனால் குறைந்த வோல்டேஜே போதும். முழுக் கொக்கி கூரை மாதிரி மேலே நின்றால் அப்போதுதான் பிறந்த தீயின் சூட்டை அதுவே கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். கூரையைக் குறைத்தால் தீ தடையில்லாமல் விரியும். இதுவரை கணக்கு சரி.

ராத்திரி உட்கார்ந்தேன். புதுப் பிளக் ஒன்றை எடுத்து, அதன் ஆறுபட்டையை சைக்கிள் டியூபில் சுற்றி வைஸில் பிடித்தேன். பீங்கானில் பிடித்தால் விரிசல் விடும். சின்னத் தட்டை அரம், ஒரே திசையில் இழுப்பு. கொக்கி நினைத்ததைவிட மெதுவாகவே தேய்ந்தது. முக்கால் மணி நேரம் ஆயிற்று. துகள் உள்ளே போய்விடக் கூடாதென்று பிளக்கைத் தலைகீழாகத் தட்டி, பெட்ரோலில் கழுவி, ஊதினேன். அப்புறம் கேப்பை 0.65க்குக் கொண்டுவந்தேன். இரிடியம் பிளக்கில் இந்த விளையாட்டு வேண்டாம். அதன் நடு முனை கம்பி மாதிரி மெல்லியது, அரம் இடறினால் அவ்வளவுதான்.

8 மார்ச், சனி

இரண்டாவது கிக்கில் பிடித்தது! ஸ்லோவில், அதாவது ஆக்ஸிலேட்டரை முறுக்காமல் நிற்கும்போது, வழக்கமான தடுமாற்றம் இல்லை. அதே ரோடு, அதே கியர்: 5.7. வாட்ஸ்அப் குழுவில் படத்தோடு போட்டேன். ஆளுக்கொரு கைதட்டல்.

9 மார்ச், ஞாயிறு

கொல்லிமலை. காரவள்ளியிலிருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். நேரம் எண்ணுவதில் அர்த்தமில்லை, பஸ் ஒன்றின் பின்னால் மாட்டினால் போச்சு. ஆனால் வளைவுக்கு வளைவு இரண்டாவது கியரிலேயே இழுத்தது. சோளக்காட்டில் டீ குடித்துவிட்டு, என்ஜின் ஆறியதும் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். பீங்கான் காப்பிப்பொடி நிறம், நல்ல அடையாளம். கொக்கி அப்படியே இருந்தது.

12 மார்ச், புதன்

மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டுப் பார்த்தார். அவர் கேப் பார்ப்பது இன்றும் ஆக்ஸா பிளேடால்தான். அதன் கனம் ஏறக்குறைய 0.65 மி.மீ. என்பதால் என் ஃபீலர் கேஜும் அவர் பிளேடும் ஒரே பதிலைத்தான் சொல்கின்றன.

பீங்கானில் மார்க்கர் கோடு போட்டு, வாஷர் மாற்றி, பிளக்கின் திறந்த பக்கம் பெட்ரோலும் காற்றும் உள்ளே வரும் இன்லெட் வால்வைப் பார்த்து நிற்கும்படி இறுக்கலாமா என்று கேட்டேன்.

“டூ ஸ்ட்ரோக்குங்க தம்பி இது. ஹெட்டுல வால்வே இல்லாத வண்டியில எந்த வால்வைப் பார்த்துத் திருப்பப் போறீங்க?”

சிரித்துத் தொலைத்தேன். அவரே அப்புறம் கேட்டார்: “பழைய பிளக்குல 6.1, ராவுன புதுப் பிளக்குல 5.7. ராவாத புதுப் பிளக்குல எவ்வளவு?”

அது என்னிடம் இல்லை.

அலமாரியிலிருந்து ஒரு பிளக்கை எடுத்துக் கொடுத்தார். “மைக்கோ வேணுமா, என்ஜிகே வேணுமா?” மைக்கோ பெயர் பாஷ் ஆகி 17 வருஷம் ஆயிற்று, அவர் கடையில் இன்னும் ஆகவில்லை. மாற்றிப் போடும்போது எண்ணைக் கவனிக்க வேண்டும். என்ஜிகேயில் எண் கூடினால் பிளக் குளிர்ச்சி, அதாவது சூட்டைச் சீக்கிரம் இழக்கும்; பாஷில் கூடினால் சூடு. போன வருஷம் ‘ரேஸ் பிளக்’ என்று ஒரு எண் கூட்டி என்ஜிகே போட்டு, டவுன் ஓட்டத்தில் சூடு ஏறாமல் கரி எரியாமல், பஸ் ஸ்டாண்டு வாசலில் வண்டி தள்ளியவன் நான்.

15 மார்ச், சனி

ராவாத புதுப் பிளக், கேப் 0.65. விரலால் முழுக்க முடுக்கி, ஸ்பேனரில் அரைச் சுற்று. இரண்டாவது கிக். மூன்று தடவையின் சராசரி 5.7. நம்பாமல் இன்னும் மூன்று தடவை ஓடினேன்: 5.8. மறுபடி ராவியதை மாட்டி ஓடினேன்: 5.7.

புதுப் பிளக்குக்கு விளிம்பு கூராகத்தான் இருக்கிறது. நான் முக்கால் மணி நேரம் ராவிச் செய்த கூர் கடையிலேயே கிடைக்கிறது. ஸ்லோவில் மட்டும் ராவியது ஒரு துளி சீராக இருக்கிற மாதிரி தோன்றுகிறது. தோன்றுகிறது, அவ்வளவுதான். அதை எந்த மீட்டரில் எண்ணுவது? வாட்ஸ்அப் குழுவில் இன்னும் சொல்லவில்லை.

20 மார்ச், வியாழன்

பழைய பிளக்கில் அந்தக் கருப்பு எங்கிருந்து வந்ததென்று பார்த்தேன். ஆயில் பம்பைக் கழற்றிய வண்டி, டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்கான 2டி ஆயிலை பெட்ரோலில் கலந்துதான் ஊற்றுகிறேன். லிட்டருக்கு ஒரு மூடி, 20 மில்லி என்று நினைப்பு. அந்த மூடியை இருமல் மருந்து டம்ளரில் ஊற்றி அளந்தேன். 35.

மூடியில் நெயில் பாலிஷால் கோடு போட்டாயிற்று. ராவிய பிளக் சைடு பாக்ஸில், டியூபில் சுற்றியபடி, ஸ்பேராக.