பொது மனுக்கள் குழுவுக்குப் போன எங்கள் வயல்காணி

வன்னியில் காணிப் பிரச்சினையோடு அலைகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பாராளுமன்றத்தில் பொது மனுக்கள் பற்றிய குழு என்று ஒன்று இருக்கிறது. அரச அலுவலகம் அநியாயம் செய்தால் அங்கே முறையிடலாம். நேரே அனுப்ப முடியாது; ஒரு எம்.பி. மூலமாகத்தான் மனு சபைக்குப் போகும். வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு 6 எம்.பி.க்கள். கிளிநொச்சிக்காரர் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் வருவதால் அந்த எம்.பி.க்களிடம் போவதுதான் வழக்கம்.

எங்கள் வயல் முல்லைத்தீவு மாவட்டத்தில், அப்பாவின் பெயரில் உள்ள பெர்மிட் காணி (அரசு அனுமதிப்பத்திரம் கொடுத்த அரச காணி). 2009 இடப்பெயர்வில் பத்திரம் போய்விட்டது. மீள்குடியேறப் போனால் வயலுக்குள் ஒரு திணைக்களத்தின் எல்லைக்கல் நிற்கிறது. "மெப்பில எங்கட காணி" என்றார்கள். அந்த மெப்பை மட்டும் காட்டவில்லை.

அதனால் முதலில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தோம். பிரதேச செயலகத்திடம் காணிப் பதிவேட்டின் பிரதி கேட்டோம், கிடைத்தது. திணைக்களத்திடம் மெப்பும் வர்த்தமானி அறிவித்தலும் கேட்டோம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். மேன்முறையீடு செய்த பிறகுதான் பதில் வந்தது.

மனுக்கள் குழுவின் விசாரணைக்குப் போகுமுன் இந்தத் தாள்களைப் பார்த்த வவுனியாவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர் சொன்னார்: "தம்பி, அங்க கனக்கக் கதைக்க நேரம் கிடைக்காது. ஒரு பக்கத்தில எழுதித் தாறன், அதைக் குடுங்கோ." அந்த ஒரு பக்கம்தான் எங்களைக் காப்பாற்றியது என்று இன்றும் நம்புகிறேன்.

ஏனென்றால், கோப் குழு (அரச நிறுவனங்களின் கணக்குகளை விசாரிக்கும் பாராளுமன்றக் குழு) என்றால் கணக்காய்வாளர் நாயகத்தின் ஆட்கள் பக்கத்தில் இருந்து கணக்குகளை எடுத்துக் கொடுப்பார்கள். 2019இல் ஊடகங்களையும் உள்ளே விட்டபிறகு, அதிகாரிகள் பதில் சொல்வதை நாடே டிவியில் பார்த்தது. நாங்கள் போன அன்று மனுக்கள் குழுவில் கமரா இல்லை. மொழிபெயர்ப்பாளர் இருந்தார், சரி. ஆனால் மெப்பை விளக்க வந்த ஒரே நிபுணர், நாங்கள் யார்மீது முறையிட்டோமோ அந்தத் திணைக்களத்தின் ஆள். அவர் சொல்வது சரியா பிழையா என்று உறுப்பினர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? குழுவுக்குச் சொந்தமாக நில அளவை தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும் என்பதை அன்றைக்கே அங்கே சொன்னேன்.

தலைமை தாங்கியவர் நாங்கள் கொடுத்த அந்த ஒரு பக்கத் தாளை வாசித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: பெர்மிட் முந்தியதா, வர்த்தமானி முந்தியதா? "பார்த்துச் சொல்கிறோம்" என்றார் அதிகாரி. பிரதேச செயலகத்தை வைத்துக்கொண்டு கூட்டாக அளந்து அறிக்கை தரும்படி குழு சொன்னது. அளந்தார்கள். வயலின் பெரும்பகுதியில் இருந்த கற்களைப் பிடுங்கினார்கள். குளக்கட்டுப் பக்கத் துண்டு மட்டும் இழுபட்டது. அதற்குள் 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட, குழுவும் இல்லாமல் போய்விட்டது.

அந்தத் துண்டுக்காகப் புதிய எம்.பி. ஒருவர் மூலம் திரும்ப மனுக் கொடுத்திருக்கிறோம். கொடுக்கிறவர்கள் மனு இலக்கத்தைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். பிறகு எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் அதைப் போடுங்கள். பழைய விசாரணையின் கடிதப் பிரதிகளையும் சேர்த்துக் கொடுங்கள். புதிய உறுப்பினர்களுக்கு உங்கள் கதை தெரியாது.