யாரைக் கேட்டுக் கையெழுத்து?

"வெளிநாட்டு மிளகு வந்து இறங்கிடுச்சும்மா, இதுக்கு மேல கட்டாது" என்றார் வியாபாரி. இன்று காலை, கொல்லிமலைச் சந்தையில்.

மிளகு விற்க வந்த அந்த அம்மா ஒரு கை மிளகை அள்ளி அவர் முன் நீட்டினார். கருகருவென்று திரண்ட மணிகள், ஒரு தூசி தும்பு இல்லை.

"யாரக் கேட்டுங்க உள்ள விட்டாங்க?"

நியாயமான கேள்வி.

ஆசியான் என்ற தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்போடு 2009 ஆகஸ்டில் இந்தியா போட்ட, இறக்குமதி வரியைக் குறைக்கும் வர்த்தக ஒப்பந்தத்தில் மிளகு உண்டு, தேயிலை, காப்பியும் உண்டு. பல வருஷம் பேசினார்கள், மூடிய கதவுக்குள். இப்படிப்பட்ட ஒப்பந்தங்களுக்கு நம் நாடாளுமன்றத்தின் ஒப்புதல்கூடத் தேவையில்லை, அமைச்சரவை முடிவு செய்தால் போதும்.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். அமெரிக்காவோடு நடந்த வர்த்தக ஒப்பந்தப் பேச்சின் ஆவணங்களை 2016-இல் ஜெர்மன் எம்.பி.க்கள் பெர்லினில் ஓர் அறைக்குள் போய்த்தான் படிக்க முடிந்தது. கைப்பேசி வெளியே, கூடவே ஒரு காவலர். மக்கள் தேர்ந்தெடுத்தவர்களுக்கே இந்த நிலை!

அந்த ஆண்டு மே மாதம் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு அந்த ஆவணங்களில் 248 பக்கங்களை வெளியிட்டது. பெர்லினின் பிராண்டன்பர்க் வாயில் முன் கண்ணாடி அறை அமைத்து, யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்றது.

இங்கே விவசாயம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. மிளகுக்கு வரியைக் குறைக்கும் முன் மாநிலங்களைக் கேட்க வேண்டாமா? கையெழுத்துக்கு முன்பே வரைவை வெளியிடுங்கள், தமிழிலும்.