சுங்கத்தில் சிக்கிய பார்சல்

வெளிநாட்டில் இருக்கும் தங்கைக்கு நான் அனுப்பிய பீங்கான் கிண்ணங்கள் ஒரு கீறல்கூட இல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டன. ஆனால் எந்த விசேஷத்துக்காக அனுப்பினேனோ, அது முடிந்து வெகு நாள் ஆன பிறகு. பெட்டி கட்டியதில் குறையில்லை. தாமதத்துக்குக் காரணம், அஞ்சலகக் கவுண்டரில் பதிவான ஒரே ஒரு சொல்.

சுங்கப் படிவத்தில் ‘பீங்கான் கிண்ணம், 6’ என்று எடையும் மதிப்பும் சேர்த்துத் தெளிவாக எழுதிக் கொடுத்திருந்தேன். ஊழியரோ கணினியில் ‘அன்பளிப்பு’ என்று மட்டும் பதிந்துகொண்டு, “எல்லாரும் இப்படித்தான் அனுப்புகிறார்கள்” என்று ரசீதை நீட்டிவிட்டார். உள்ளே இருப்பது என்ன பொருள் என்று தெரியாமல் எந்தச் சுங்க அதிகாரியும் வரியைக் கணக்கிட முடியாது. அதோடு, வெளிநாட்டுக்குப் பொருள் அனுப்பும்போது அதன் விவரம் மின்னணு வடிவில் முன்கூட்டியே போய்ச் சேர வேண்டும் என்பது 2021 முதல் சர்வதேச அஞ்சல் ஒன்றியத்தின் விதி. ஆகவே, பெட்டிமேல் எவ்வளவு விரிவாக எழுதியிருந்தாலும், கவுண்டரில் தட்டச்சு செய்ததுதான் முதலில் போய் நிற்கும். பணம் கட்டுவதற்கு முன் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் படித்துப் பாருங்கள். வரிசை நீளமாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம்.

கண்காணிப்பு எண்ணைப் போட்டுப் பார்த்தபோதெல்லாம் ‘சுங்கப் பரிசோதனையில்’ என்ற ஒரே வரிதான் வந்தது. நேரில் போய்க் கேட்டால், “நாட்டை விட்டுப் போய்விட்டது, இனி எங்கள் பொறுப்பில்லை” என்று கையை விரித்தார்கள். இது தவறு. அஞ்சலில் சேர்த்த மறுநாளிலிருந்து 6 மாதத்துக்குள் அனுப்பியவர் விசாரணை மனு கொடுக்கலாம், அதை அவர்கள் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். மேலதிகாரியிடம் ரசீதையும், முன்பே கைபேசியில் படமெடுத்து வைத்திருந்த படிவத்தையும் காட்டிய பிறகே மனுவை வாங்கினார்கள். கிண்ணங்கள் வாங்கிய பில்லை நான் அனுப்பிவைக்க, தங்கை அதை அங்குள்ள சுங்க அலுவலகத்தில் கொடுத்ததும் பார்சல் நகர்ந்தது.

கட்டும் முறையில் எனக்குக் கைகொடுத்தவை இவை: ஒவ்வொன்றையும் தனித்தனியே சுற்றி, சுற்றிலும் 5 செ.மீ. அளவுக்குக் கசக்கிய தாளைத் திணித்து, மூடிய பெட்டியைக் குலுக்கினால் எதுவும் அசையாதபடி பார்த்துக்கொண்டேன். ‘உடையும் பொருள்’ என்ற ஒட்டியை நம்பி இதில் குறை வைக்காதீர்கள், பிரித்தனுப்பும் இயந்திரம் அதைப் படிப்பதில்லை. பழைய பெட்டியானால் முந்தைய பார்கோடைக் கிழித்தெடுங்கள். மேலே ஒட்டிய முகவரி பிய்ந்துபோனாலும் உதவும்படி, இரண்டு முகவரிகளையும் எழுதிய தாள் ஒன்றை உள்ளேயும் வையுங்கள். கவுண்டரில் சொல்லும் நாள் கணக்கில் சுங்கத்தில் நிற்கும் காலம் பெரும்பாலும் சேராது. குறித்த நாளுக்குள் போய்ச் சேர வேண்டியதென்றால் அதற்கும் இடம்விட்டு முன்னதாகவே அனுப்பிவிடுங்கள்.