சிவப்புக் கோட்டுக்கு முன்னால் கறியைச் சமைத்துவிடுங்கள்

நமீபியா, போட்ஸ்வானா பக்கம் வண்டி ஓட்டிப் போகிறவர்களுக்குப் பயமெல்லாம் பாஸ்போர்ட் கவுண்டரில்தான். ஆனால் ஃப்ரிட்ஜைக் காலி செய்ய வைப்பது நாட்டுக்குள்ளேயே நடுரோட்டில் இருக்கும் கால்நடை செக்போஸ்ட்.

எல்லை வேலை சுலபம். வண்டியின் பதிவுச் சான்று. வாடகை வண்டியென்றால் எல்லை தாண்ட அனுமதிக்கும் கம்பெனிக் கடிதம். ரெஜிஸ்டரில் எஞ்சின், சேஸிஸ் எண் எழுதச் சொல்வார்கள். வெயிலில் பானெட்டைத் திறந்து தேடாமல், முன்பே போட்டோ எடுத்து வையுங்கள். இரு நாடும் தென்னாப்பிரிக்காவும் ஒரே சுங்க ஒன்றியம். அந்த ஒன்றியத்தில் பதிவான வண்டிக்குக் கார்னே, அதாவது வரி கட்டாமல் வண்டியைத் தற்காலிகமாகக் கொண்டுபோகும் சுங்கப் பத்திரம், வேண்டாம்.

இனிக் கறி. நமீபியாவின் வடபகுதியைத் தனியே பிரிக்கும் வேலிதான் சிவப்புக் கோடு. 1896-97ல் மாடுகளுக்கு வெக்கை நோய் வந்தபோது ஜெர்மன் ஆட்சி போட்ட காவல் வரிசையில் தொடங்கியது. இன்று கோமாரிக்காக நிற்கிறது. பி1 சாலையில் ஓஷிவெலோ கேட். போட்ஸ்வானாவில் 1958ல் போட்ட குக்கே வேலி. கான்சி-மவுன் சாலையில் அதற்கும் ஒரு கேட்.

பார்க்க வேண்டியது திசையை. வடக்கே காட்டெருமைகள் கோமாரிக் கிருமியை நோவு தெரியாமலே சுமக்கின்றன. அதனால் வடக்கிலிருந்து தெற்கே வரும்போது பச்சை மாட்டுக்கறி, ஆட்டுக்கறி, பன்றிக்கறி பறிபோகும். எலும்போடு இருந்தால் பேச்சுக்கே இடமில்லை. வெட்டிய கறியை ஆறவைக்கும்போது தசை புளித்து, புளிப்பைக் காட்டும் பிஹெச் அளவு 6க்குக் கீழே இறங்கி, கிருமி செத்துவிடும். எலும்பு மஜ்ஜையில் அந்தப் புளிப்பு ஏறாது. சமைத்த கறியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். ஆகவே முந்தைய இரவே மிச்சத்தை வறுத்துவிடுங்கள். ஐஸுக்கு அடியில் ஒளிப்பது வீண் வேலை, அங்கேதான் முதலில் கை போகும்.

அடுத்தது செருப்பு. சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் நனைந்த சாக்கை மிதிக்க வேண்டும். டயரும் தொட்டியில் இறங்கி ஏறும். 4 சதவீதக் கரைசலே போதும், ஆனால் அடியில் சேறு அப்பியிருந்தால் மருந்து உள்ளே போகாது. குச்சியால் சுரண்டிவிட்டு மிதியுங்கள். மூட்டையில் இருக்கும் மற்ற ஜோடிகளையும் கேட்பார்கள். அவற்றை மேலேயே வையுங்கள். தோல் ஷூவைப் பிறகு நல்ல தண்ணீரில் அலசாவிட்டால் விறைத்துவிடும்.

எங்காவது கோமாரி கிளம்பினால் விதி ஒரே இரவில் மாறும். கேட்டுக்கு முந்தைய ஊரின் கசாப்புக் கடையில் விசாரித்துவிட்டு வாங்குங்கள்.