போணக்காட்டில் ஆடி மழை

அகத்தியர் கூடம் மலைக்கு ஆடி மாதத்தில் யாரும் போவதில்லை. கேரள வனத்துறை மலையேற விடுவது ஜனவரி முதல் மார்ச் வரைதான். அதற்கும் முன்பதிவில் இடம் கிடைக்க வேண்டும். எனக்கு இரண்டு வருஷமாகக் கிடைக்கவில்லை. ஏற முடியாவிட்டால் என்ன, அடிவாரத்திலாவது மூன்று நாள் இருந்துவிட்டு வருவோம் என்று ஜூலைக் கடைசியில் நாகர்கோவிலில் பஸ் ஏறினேன். அடிவாரம் என்றால் போணக்காடு. அங்கே தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடு) என் பெரியம்மா இருக்கிறாள்.

களியக்காவிளை தாண்டியதும் டீ சாயாவாகிவிடும். தம்பானூர், நெடுமங்காடு, விதுரா என்று வண்டி மாறி மாறி, கடைசியில் ஒரு ஆனவண்டி (கேரள அரசு பஸ்ஸுக்கு அங்கே அதுதான் பெயர்) மூச்சிரைத்துக்கொண்டு மேலே ஏறியது. விதுராவுக்குப் பிறகு செல்போனில் சிக்னல் இல்லை. பாதி வழியில்தான் உறைத்தது, நாலு வருஷமாகக் காலையில் வெறும் வயிற்றில் போடும் நெஞ்செரிச்சல் மாத்திரையை வீட்டிலேயே வைத்துவிட்டேன்.

இந்த மலைமேல் எனக்கு ஏன் இவ்வளவு ஆசை என்று சொல்ல வேண்டும். 1,868 மீட்டர் உயரம். அந்தப் பக்கம் இறங்கினால் தாமிரபரணி பிறக்கும் பூங்குளம், பாபநாசம், எங்கள் திருநெல்வேலி. நாம் பொதிகை என்போம், அகத்தியர் மலை என்போம். ஆனால் ஏழாம் நூற்றாண்டில் வந்த சீன யாத்ரீகர் யுவான் சுவாங், தெற்கே சந்தனம் விளையும் மலைய மலையையும் அதற்குக் கிழக்கே பொடலகா என்ற மலையையும் பற்றி எழுதியிருக்கிறார். உச்சியில் ஒரு குளம், அதிலிருந்து இறங்கும் ஆறு, அங்கே பௌத்தர்கள் வணங்கும் போதிசத்துவர் அவலோகிதேசுவரர். அது பொதிகைதான் என்பது சில ஆய்வாளர்களின் கட்சி. பதினொன்றாம் நூற்றாண்டு இலக்கண நூலான வீரசோழியத்தில் புத்தமித்திரர் இன்னும் ஒரு படி மேலே போய், அகத்தியரே அவலோகிதனிடம்தான் தமிழ் கேட்டார் என்கிறார். சிவனிடம் கேட்டார் என்று வளர்ந்த எனக்கு இதை முதலில் படித்தபோது தூக்கிவாரிப் போட்டது. யுவான் சுவாங் மலையைப் பார்க்காமல், பிறர் சொல்லக் கேட்டுத்தான் எழுதினார் என்பார்கள். அந்த வகையில் அவரும் என் கட்சிதான்.

நான் போன மூன்று நாளும் மலை கண்ணில் படவில்லை. மழை, மூடுபனி, செருப்புக்குள் அட்டை.

போணக்காட்டில் தமிழ் பேசுகிறவர்கள் பலர் நம் பக்கத்திலிருந்து கொழுந்து பறிக்க வந்தவர்களின் பிள்ளைகள். தோட்டம் ஓய்ந்துவிட்டது. தொழிற்சாலை துருப்பிடித்து நிற்கிறது. பெரியம்மா மட்டும் பிள்ளைகள் கூப்பிட்டும் இறங்க மாட்டேன் என்கிறாள். அவள் பேச்சில் அம்பாசமுத்திரமும் விதுராவும் கலந்து கிடக்கும். செடிப் பெயர்கள் மட்டும் முழு மலையாளம். கற்பூரவல்லி அவளுக்குப் பனிக்கூர்க்க, ஆடாதோடை ஆடலோடகம்.

நமக்கு ஆடி, அவர்களுக்குக் கர்க்கடகம். கேரளம் முழுக்க மருந்துக் கஞ்சி குடிக்கிற மாதம். கடைகளில் பொட்டலமாகவே விற்கிறார்கள். பெரியம்மாவுக்கு அது கௌரவக் குறைச்சல். விடியற்காலையில் மழை விட்ட இடைவெளியில் என்னையும் இழுத்துக்கொண்டு லயத்துக்குப் பின்னால் போனாள். பத்தடிக்கு ஒருதரம் குனிந்தாள். செறூள என்று அவள் பறித்ததைப் பார்த்தால், பொங்கலுக்கு நம் வீட்டு முகப்பில் செருகும் சிறுபீளை. உழிஞ்ஞ என்றால் முடக்கத்தான். தட்சசீலத்தில் படித்த ஜீவகனிடம் ஆசிரியர், ஒரு யோசனைத் தூரம் சுற்றி மருந்தாகாத செடி எதையாவது கொண்டுவா என்று அனுப்ப, அவன் வெறுங்கையோடு திரும்பினானாம். பின்னாளில் புத்தருக்கே வைத்தியம் பார்த்தவன். இவளை அனுப்பியிருந்தால் ஆசிரியர் இன்னும் காத்துக்கொண்டிருப்பார், அவ்வளவு மெதுவாகக் குனிகிறாள்.

"ஆரோக்கியப்பச்சை கிடைக்குமா பெரியம்மா?" என்று கேட்டேன். அது இந்த மலைக்காட்டுச் செடி. 1987-இல் தாவரங்களைத் தேடி இங்கே அலைந்த விஞ்ஞானிகளுக்கு மூச்சு வாங்கியபோது, வழிகாட்டிய காணிக்காரப் பழங்குடியினர் ஏதோ காயை மென்றுகொண்டு அலுக்காமல் நடந்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் ஜீவனி என்ற மருந்து. உரிமத் தொகை 10 லட்சம், விற்பனையில் 2 சதவீதம். அதில் பாதி காணிக்காரர்களுக்கு என்று ஏற்பாடானது. பழங்குடியின் அறிவுக்கு விலை கொடுத்த முன்னோடி உதாரணமாக இன்றும் உலகமெங்கும் எடுத்துக்காட்டுகிறார்கள். இதையெல்லாம் நான் அடுக்கிக்கொண்டே போக, பெரியம்மா ஒரு வார்த்தையில் முடித்துவிட்டாள்: "அது ஏறுதவனுக்குல்லா எய்யா. நாற்காலியில இருக்கவனுக்கு எதுக்கு?"

ஞவரை அரிசி, வெந்தயம், சீரகம், சுக்கு, பறித்து வந்ததன் சாறு, கடைசியில் தேங்காய்ப்பால். கசப்பும் வழுவழுப்புமாக இருந்தது, முதல் வாய் இறங்கவில்லை. குடித்து முடித்த கையோடு பெரியம்மா பவுடர் டப்பாவைத் திறந்து பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். இரண்டுக்கும் அவளிடம் சண்டை கிடையாது.

அன்று ராத்திரி நெஞ்சு எரியும் என்று காத்திருந்தேன், எரியவில்லை. கஞ்சி என்று எழுத ஆசைதான். ஆனால் எட்டு மணிக்குத் தூங்கினேன், யாரும் கூப்பிடவில்லை, பரோட்டா தின்னவில்லை. கேரளத்துப் பரம்பரை வைத்தியர்களான அஷ்டவைத்தியர்கள் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்த ஆயுர்வேத நூல் அஷ்டாங்க ஹிருதயம், ஆசை முதலான நோய்களை அழித்த அபூர்வ வைத்தியருக்கு வணக்கம் என்று தொடங்குகிறது. உடம்பு முழுக்கப் பரவி விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த நோய்கள் தரும் தொல்லைகளில் முதலில் வருவது ஔத்சுக்கியம், அதாவது பரபரப்பு. அந்த வைத்தியர் புத்தர்தான் என்று படிப்பவர்கள் உண்டு, இல்லை என்பவர்களும் உண்டு. கணக்கு ஆபீஸில் மார்ச் மாதத்தைக் கழித்தவனுக்கு அந்த வரிசையில் சந்தேகமே வராது.

இரண்டாம் நாள் சாயங்காலம் பெரியம்மா வெந்நீர் வாளியை என் கையில் கொடுத்து, "வா" என்றாள். எதிர் லயத்தில் ஒரு தாத்தா காய்ச்சலோடு கிடந்தார். விதுரா ஆஸ்பத்திரியில் எலிப்பனி (எலிக்காய்ச்சல்) இல்லை என்று பார்த்து மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அவருக்கு ஆள் கிடையாது. பெரியம்மாவோடு பேச்சும் கிடையாது. நடுவில் நிற்கும் பலாமரம் யாருக்கு என்று ஆறேழு வருஷமாகச் சண்டை. உள்ளே நாற்றம் குடலைப் புரட்டியது. எழுந்து வெளியே போக முடியாமல் படுத்த இடத்திலேயே ஆகியிருந்தது. நான் வாசலிலேயே நின்றேன். "ஊத்துய்யா" என்றாள். நான் ஊற்ற, அவள் துடைத்தாள். பிறகு நான் தலைப்பக்கம், அவள் கால்பக்கம். தூக்கிக் கட்டிலில் போட்டோம்.

திரும்பி வந்து சோப்புப் போட்டுக் கை கழுவும்போதுதான் பிக்குகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநயத்தில் வரும் அந்தக் கதை ஞாபகம் வந்தது. வயிற்றுப்போக்கில் ஒரு பிக்கு தன் மலத்திலேயே கிடக்கிறார். ஏன் யாரும் கவனிக்கவில்லை என்று புத்தர் கேட்க, நான் யாருக்கும் ஒன்றும் செய்ததில்லை, அதனால்தான் என்கிறார் அவர். ஆனந்தர் தண்ணீர் கொண்டுவர, புத்தர் ஊற்ற, ஆனந்தர் கழுவுகிறார். ஒருவர் தலையையும் ஒருவர் காலையும் பிடித்துத் தூக்கிக் கிடத்துகிறார்கள். அப்புறம்தான் மற்ற பிக்குகளைக் கூப்பிட்டு, எனக்குப் பணிவிடை செய்ய நினைப்பவன் நோயாளிக்குச் செய்யட்டும் என்கிறார். பெரியம்மாவிடம் சொன்னேன். "அந்தக் கெழவனும் பலாமரத்துக்குச் சண்டை போட்டானோ?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை தாத்தாவுக்கும் கஞ்சி போனது. இரண்டு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்து, "உப்பு கொறவு" என்றார். பெரியம்மா காதில் விழாததுபோல் கரண்டியை நீட்டினாள்.

ஊர் திரும்பிப் பத்து நாள் கழித்து, விதுராவுக்கு மாத்திரை வாங்க இறங்கியபோது பெரியம்மா போன் செய்தாள். தாத்தா எழுந்து நடக்கிறாராம். நடந்து நேராகப் பலாமரத்தடிக்குத்தான் போனாராம். "கடைசிச் சக்கையையும் வெட்டிட்டான்யா" (சக்கை என்றால் பலா) என்று ஐந்து நிமிஷம் திட்டினாள்.