நேரப்படி எழுதிய நோட்டு: வேலூர் கஸ்பாவிலிருந்து சில நாட்கள்

2025 ஏப்ரல் 21, திங்கள்

வீடு தேடிப் போய் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் எனக்குக் கொடுத்திருக்கும் பதிவேடு கதவு எண் வரிசையில் இருக்கிறது. கஸ்பாவில் கதவு எண்ணை வைத்துக்கொண்டு ஒருவரையும் கண்டுபிடிக்க முடியாது. பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று, நடுவில் தடுத்து வாடகைக்கு விட்ட அறைக்கு எண்ணே கிடையாது. அதனால் நான் தனியாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். அதில் வீடுகளை நேரப்படி எழுதியிருக்கிறேன். விடியற்காலையில் கிளம்பிவிடும் மார்க்கெட் சுமைதூக்குபவர்கள் முதல் பக்கத்தில். சுற்றிய பீடியை ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டு இலையும் தூளும் வாங்கி வரும் பெண்கள் அடுத்த பக்கத்தில். லாட்ஜ் வேலைக்குப் போகிறவர்கள் கடைசிப் பக்கம், இரவு ஏழுக்கு மேல்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா, ரயில்வே கால அட்டவணையா?" என்றார். ஆமாம் சார் என்றேன்.

ஏப்ரல் 24, வியாழன்

மாலையில் பாபுராவ் வீதி. அங்கே தமிழைவிட வங்காளமும் இந்தியும்தான் காதில் அதிகம் விழும். கொல்கத்தா, ஜார்க்கண்ட், அசாம், வங்கதேசம் என்று எங்கிருந்தோ இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து சி.எம்.சி.க்கு, அதாவது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு, வருகிறார்கள். அவர்கள் தங்கும் அறைகளைப் பெருக்கித் துடைப்பவர்களில் எங்கள் பகுதிப் பெண்களும் உண்டு. எந்த அறையில் யாருக்கு என்ன ஆபரேஷன், எத்தனை லட்சம் செலவு, எல்லாம் இவர்களுக்கு அத்துப்படி. தன் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்டால் மட்டும் சிரிப்பார்கள்.

மாடிப்படிக்கு அடியில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்துப் பார்த்தேன். ஒரு அக்காவுக்கு 180/110. கொஞ்சநேரம் பேசாமல் உட்காரச் சொல்லி மறுபடி எடுத்தேன், பெரிதாக இறங்கவில்லை. "எனக்கு ஒன்றும் இல்லையே, இன்றைக்குக்கூட நாலு மாடி ஏறி இறங்கினேன்" என்றார். ரத்தக்கொதிப்பில் உள்ள வம்பே அதுதான், நாலு மாடியும் ஏறவிடும். கையோடு நலவாழ்வு மையத்துக்கு அழைத்துப் போனேன். காலை 8 முதல் 12 வரை, மாலை 4 முதல் 8 வரை என்று அந்த மையங்களுக்கு நேரம் வைத்தவர் யாரோ, கூலி வேலைக்காரர்களைக் கண்ணால் பார்த்தவராக இருக்கவேண்டும்.

இந்த ஊரில் ஆஸ்பத்திரிக்கு என்ன குறை? நூறு ஆண்டுகளுக்கு முன்பே, சி.எம்.சி.யைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் குடியாத்தம் சாலையில் மரத்தடிக்கு மரத்தடி வண்டியை நிறுத்தி வைத்தியம் பார்த்தார். சி.எம்.சி. ஏழைகளுக்கென்றே குறைந்த செலவுப் பிரிவை 1982இல் தொடங்கியது. ஊருக்குள் பென்ட்லேண்ட் அரசு மருத்துவமனை, வெளியே அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி. ஆனால் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்து, முடிவு வாங்கி, மறுபடி வரிசையில் நின்று வந்தால் அன்றைய கூலி போய்விடும். ஒரு நாள் கூலி போனால் அந்த வாரத்துச் சீட்டுப் பணம் போகும். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதை அலட்சியம் என்று நான் சொல்லமாட்டேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

பி.பி. கருவியில் பேட்டரி தீர்ந்துவிட்டது. என் பணத்தில் வாங்கினேன். ஊக்கத்தொகையைப் பற்றி இன்று எழுதாமல் இருப்பதே நல்லது.

மே 3, சனி

நாளை கத்திரி தொடக்கம். இன்றே தெரு கொதிக்கிறது.

பத்தரை மணி வீடுகளில் ஒன்று. பெயரும் எழுதமாட்டேன், எந்தச் சந்து என்றும் எழுதமாட்டேன். மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை கொடுக்கப் போனேன். மருமகள் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே இருமினாள். நான் மாத்திரை எண்ணி முடிப்பதற்குள் மூன்று முறை இருமல்.

"எத்தனை நாளாக?"

"இது தூள் இருமல் அக்கா. பீடி சுற்றுகிற எல்லோருக்கும் இருப்பதுதானே."

எனக்குத் தெரியாததா? என் அம்மாவும் சுற்றியவர்தான். புகையிலைத் தூள் நெஞ்சை உறுத்தும், இருமல் வரும், உண்மை. அந்த உண்மைக்குப் பின்னால் வேறொரு இருமல் சௌகரியமாக ஒளிந்துகொள்ளும், அதுவும் உண்மை. மாலையானால் உடம்பு காய்கிறதா என்று கேட்டேன். மாமியார்தான் பதில் சொன்னார்: "ரவிக்கை எல்லாம் தொளதொள என்று ஆகிவிட்டது, பார்." இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்யவேண்டும். இவளுக்குப் பொங்கலிலிருந்து இருக்கிறதாம்.

டப்பா கொடுத்தேன். காலையில் எழுந்ததும் வாய் கொப்பளித்துவிட்டு, ஆழமாக இருமி வரும் சளி வேண்டும், எச்சில் வேண்டாம் என்று செய்துகாட்டினேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "ஏஜெண்டுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். தெரிந்தால் இலை கொடுப்பதை நிறுத்திவிடுவான் என்று அவள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

மே 7, புதன்

பீடி சுற்றும் அந்த மருமகளுக்குக் காசநோய்தான். சாதாரண மருந்துக்குக் கட்டுப்படும் வகை என்று செவிலியர் சொன்னபோது எனக்கு மூச்சு வந்தது.

எடை 37 கிலோ. கால் வீக்கம் பார்த்தார்கள், மூச்சு எண்ணினார்கள், விரலில் ஆக்சிஜன் கருவி மாட்டினார்கள், எதையும் பிடித்துக்கொள்ளாமல் எழுந்து நிற்கச் சொன்னார்கள். யாரை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டும், யாரை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று பிரிப்பதற்காக 2022இலிருந்து தமிழகத்தில் செய்யும் சோதனை இது. காசநோயில் சாகிறவர்களில் பலர் சிகிச்சை தொடங்கிய முதல் வாரங்களிலேயே போய்விடுவதால் வந்த ஏற்பாடு. இவளைச் சேர்க்கவேண்டியதில்லை. மாத்திரை இன்றே கையில்.

சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், அது மருந்தின் சாயம், பயப்படாதே என்று போகும் வழியெல்லாம் சொன்னேன். இதைச் சொல்லாமல் விட்டால் ரத்தம் போகிறது என்று மூன்றாம் நாளே மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். ஒரு மாதத்தில் இருமல் நின்றுவிடலாம், அப்போதும் நிறுத்தக்கூடாது, ஆறு மாதம். அவள் தலையாட்டினாள். எல்லோரும் முதல் நாள் தலையாட்டத்தான் செய்கிறார்கள்.

மே 15, வியாழன்

வைகாசி பிறந்தது. குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. தெருவில் பாதி வீடு பூட்டு. பெண் கொடுத்த வீடு, பெண் எடுத்த வீடு என்று இங்கே எல்லோருக்கும் குடியாத்தத்தில் யாராவது இருக்கிறார்கள்.

நேற்றே வீடு வீடாகப் போய், போகிறவர்கள் மாத்திரையை எடுத்துக்கொண்டீர்களா என்று கேட்டேன். திருவிழாவுக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை கொண்டுபோவதா என்று ஒரு தாத்தா என்னைத் திட்டினார். அவர் வீட்டு ஆயா அதைப் பிடுங்கி வெற்றிலைப் பையில் போட்டுக்கொண்டார். வெற்றிலையை மறக்கமாட்டார் என்பது ஆயாவின் கணக்கு. என்னுடைய பயிற்சிப் புத்தகத்தில் இவ்வளவு நல்ல யோசனை எதுவும் இல்லை.

சந்து முனை இட்லிக்கடை அக்காவிடம் ஒரு சாவிக்கொத்தும் மூன்று பேருடைய மாத்திரைப் பொட்டலமும் இருக்கின்றன. ஊரிலிருந்து வருகிறவர்கள் முதலில் அவரிடம்தான் வருவார்கள். பள்ளிவாசல் பக்கத்து ஆட்டோ பாய், இரவில் யாருக்காவது மூச்சுத் திணறினால் 108க்கும் எனக்கும் ஒரே நேரத்தில் போன் செய்கிறவர். திட்டத்தின் வரைபடத்தில் செவிலியர், மருந்தாளுநர், பிசியோதெரபிஸ்ட் என்று கட்டம் கட்டமாகப் போட்டிருக்கிறார்கள். இந்த இரண்டு பேருக்கும் கட்டம் இல்லை.

மே 20, செவ்வாய்

காசநோயாளிக்குச் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வருகிறது. 2024 நவம்பருக்கு முன் 500தான். பணம் வங்கிக் கணக்குக்குத்தான் போகும். அவளுக்குக் கணக்கு இருந்தது, வருஷக்கணக்கில் தொடாமல் முடங்கிக் கிடந்தது. அதைத் திறக்கப் போன இடத்தில் கைரேகை பதியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், அதுவும் இரண்டு தடவை. பீடி இலையை உருட்டி உருட்டி விரல் நுனி வழவழவென்று தேய்ந்துவிட்டது. ரேஷன் கடையிலும் இவர்களுக்கு இதே பாடுதான்.

இன்று தபால்காரரை வீட்டுக்கே அழைத்து வந்தேன், தபால் வங்கியில் புதிதாகத் தொடங்க. வலது கட்டைவிரல், இல்லை. ஆள்காட்டி விரல், இல்லை. கையைக் கழுவித் துடைத்து, தேங்காய் எண்ணெய் தொட்டு, மறுபடி துடைத்து. மாமியார் தபால்காரரை, "உன் மிஷின்தான் கெட்டுப்போயிருக்கிறது நைனா" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் இடது கை மோதிரவிரலை ஏற்றுக்கொண்டது. உருட்டும்போது அந்த விரலுக்கு அவ்வளவு வேலை இல்லை போலிருக்கிறது. கணக்கு எண்ணை வாங்கி மையத்துக்கு அனுப்பிவிட்டேன்.

எடை ஒரு கிலோ ஏறியிருக்கிறது. வீட்டுக்காரருக்கும் பிள்ளைகள் இருவருக்கும் மாமியாருக்கும் எக்ஸ்ரே பாக்கி. வியாழன் காலை எட்டு மணிக்கு என்று பேசி வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் அதற்குமுன் வேலைக்குக் கிளம்பிவிடுவார், அவரை மட்டும் மாலைக்கு மாற்றவேண்டும்.