டைமிங் செயின் டென்ஷனர்: இரண்டு மாற்றியும் போகாத கரகர

இஞ்சினுக்குள் வால்வுகளை இயக்கும் டைமிங் செயினைத் தொய்யாமல் பிடிப்பதுதான் டென்ஷனர். ஆறு மாதத்தில் இது இரண்டாவது. நேற்று சாயங்காலம் மாட்டினேன். இன்று குலசேகரத்தில் விடியுமுன் கிக்கரை உதைத்தால் அதே கரகர. ரப்பர் வெட்டப் போன பக்கத்து வீட்டு அண்ணன் நின்று பார்த்துவிட்டு, "என்ன மக்கா, இஞ்சினுக்குள்ள சில்லறை போட்டு வச்சிருக்கியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

டேப்பட் சத்தம் இல்லை, வால்வு இடைவெளியைக் கேஜ் வைத்துப் பார்த்தாயிற்று. டேப்பட் என்றால் ஒரே தாளத்தில் டிக் டிக் என்று அடிக்கும். இது ஆக்சிலேட்டரை விட்டதும்தான் வருகிறது. மார்த்தாண்டம் மேம்பாலத்தில் இறங்கும்போது பக்கச்சுவரில் பட்டு என் காதுக்கே திரும்பி வரும்.

என் 150 சிசி வண்டியில் இருப்பது சுருள்பட்டை ஸ்பிரிங் வைத்த வகை. ஸ்பிரிங் உள்ளிருக்கும் திருகைச் சுழற்றும், பிளஞ்சர் சுழல முடியாமல் வெளியே நீளும், செயின் உரசி ஓடும் பட்டையான கைடைத் தள்ளிச் செயினின் தொய்வைப் பிடிக்கும். திரும்பி உள்ளே போகாததற்குக் காரணம் புரிதான்: நட்டுக்குள் போல்ட்டைத் திருகினால் போகும், குத்தினால் போகுமா? புரி தேய்ந்தாலோ ஸ்பிரிங் சோர்ந்தாலோ இஞ்சின் அதிர்வில் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கிவிடும். கழற்றிய பழையதைக் கட்டை விரலால் அமுக்கினேன், பொத்தென்று உள்ளே போயிற்று. அது செத்ததுதான், சந்தேகமில்லை. புதியது மலை மாதிரி நிற்கிறது. அப்படியென்றால் சத்தம் ஏன்?

இங்கேதான் டென்ஷனர் திருகைப் பிடித்து நிறுத்தும் சாவியின் கதை. பிளஞ்சரை உள்ளே சுருட்டி வைத்துக்கொண்டே இரண்டு போல்ட்டையும் முறுக்க வேண்டும். சின்னத் திருப்புளி வழுக்கிக்கொண்டே இருக்கும், வழுக்கினால் பிளஞ்சர் டப்பென்று வெளியே. முதல் தடவை அந்த ஆத்திரத்தில், நீட்டிய பிளஞ்சரோடு அப்படியே வைத்துப் போல்ட்டை முறுக்கினேன். செயின் கம்பிபோல இறுகி, இஞ்சின் ஊளையிட்டது. ஒரு கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத்தான் பயந்து கழற்றினேன்.

இந்த முறை உடைந்த ஆக்ஸா பிளேடை அரத்தில் தேய்த்து, நுனியைத் திருகின் வெட்டுக்குப் பொருந்தவைத்து, மேலே ஒரு குறுக்குக் கம்பி பற்றவைத்தேன். மூன்று பிளேடு வீணாயிற்று, கிரைண்டரில் சூடேறினால் நுனி மெத்தென்று ஆகிவிடுகிறது. தண்ணீரில் முக்கி முக்கித் தேய்க்க வேண்டும். நாலாவது வழுக்கவே இல்லை. கடையில் இப்படி ஒன்று கேட்டால் சிரிக்கிறார்கள்.

அந்தச் சாவியால் கிடைத்த லாபம் வேறு. பிஸ்டன் உச்சிக்கு வரும் டி குறியில் இஞ்சினை நிறுத்தி, சாவியை அசையாமல் வீட்டுக்காரி பிடித்துக்கொள்ள, புதிய டென்ஷனரை அப்படியே வெளியே எடுத்து பிளஞ்சர் நின்ற நீளத்தை அளந்தேன். 14 மில்லிமீட்டர். முழுக்க நீண்டாலே 16தான். அதாவது புதுசும் கிட்டத்தட்டக் கையை முழுக்க நீட்டிவிட்டது. குற்றம் டென்ஷனரில் இல்லை, செயினிலும் கைடிலும். செயின் இழுபட்டு நீளுவதில்லை. ஒவ்வொரு இணைப்பிலும் பின்னும் புஷ்ஷும் கண்ணுக்குத் தெரியாத அளவு தேய்ந்து, எல்லாம் சேர்ந்து நீளமாகத் தெரிகிறது. கைடு தேய்ந்ததில் நான் ஓட்டிய அந்த ஒரு கிலோமீட்டருக்கும் பங்கு இருக்கலாம். இதை முதலிலேயே அளக்காமல் இரண்டு டென்ஷனருக்குக் காசு கொடுத்ததை நினைத்தால் வயிறு எரிகிறது.

செயினும் இரண்டு கைடும் நாகர்கோவிலில் சொல்லி வைத்திருக்கிறேன். முதலில் போன கடையில் பேக்கிங்கை மட்டும் மாற்றி மாற்றிக் காட்டி மூன்று விலை சொன்னார்கள். வடசேரிப் பக்கம் ஒரு சின்னக் கடையில் பெட்டியைப் பிரித்து ஸ்பிரிங்கை அமுக்கிப் பார்க்க விட்டார்கள், இனி அங்கேதான். இஞ்சின் ஓரத்தில் சுழலும் மேக்னட் சக்கரத்தைக் கழற்றாமல் கைடைத் தொட முடியாது. அதை இழுத்தெடுக்கும் புல்லர் மெக்கானிக் ஆசானிடம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றார்.

அதற்குள் சித்தப்பாவின் காரும் காலையில் இரண்டு மூன்று விநாடி கடகடவென்கிறது. அதன் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் நிற்கிற வகை. ராத்திரி முழுக்க ஆயில் வடிந்து பிளஞ்சர் தளர்ந்திருக்கும். கடைசியாக ஆயில் மாற்றியது எப்போது என்று கேட்டேன். "ஓணத்துக்கு" என்றார். எந்த வருஷ ஓணம் என்று இன்னும் சொல்லவில்லை.